பதின்மூன்று வயதின் விடை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

முன்னுரை

ஆட்சியாளர்களின் மக்களைப் பற்றித் தமிழ் இலக்கியம் பேசாமலில்லை. பறம்பின் தலைவன் பாரி மூவேந்தரால் வீழ்ந்த பின்னர், அவன் மகளிர் நிலவைக் கண்டு பாடியதாக ஒரு சிறு பாடல் புறநானூற்றில் 112ஆம் எண்ணில் அமைந்துள்ளது. தந்தையும் குன்றும் தம்முடையனவாக இருந்த திங்களையும், இரண்டும் இல்லாத திங்களையும் அம்மகளிர் அதில் எண்ணிப் பார்க்கின்றனர். அப்பாடலைப் பாடியோர்க்குத் தொகைநூலில் தனிப்பெயர் இல்லை. ‘பாரி மகளிர்’ என்றே அவர்கள் குறிக்கப்பெறுகின்றனர். அங்கவை, சங்கவை என்பன பிற்கால மரபு வழங்கிய பெயர்கள். தந்தையின் புகழ் மக்களின் பெயரையே மறைத்துவிடும் என்பதற்கு இது பழையதொரு சான்றாகும்.

செய்தித்தாளும் தொலைக்காட்சியும் பெருகிய காலத்தில் இந்நிலை வேறு வடிவம் கொண்டது. ஆட்சியாளரின் பிள்ளைக்கு இன்று பெயர் இல்லாமற் போவதில்லை. நாடு முழுவதும் அப்பெயரை அறிகின்றது. ஆனால் அப்பெயருக்கு என்ன பொருள் என்பதை அப்பிள்ளையைக் கேளாமல் மற்றவர்களே முடிவு செய்துவிடுகின்றனர். உள்ளமும் உடலும் ஒருங்கே மாறிவரும் பதின்ம வயதில் இத்தகைய சூழலில் அகப்பட்ட ஒரு பெண், தன் இயல்பை எவ்வாறு காத்துக்கொள்ள இயலும்? அமெரிக்க நாட்டின் 39ஆம் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டரின் ஒரே மகள் ஏமி கார்ட்டரின் இளமைக்காலம் இவ்வினாவிற்குத் தக்கதொரு விடையைத் தருகின்றது. அதனை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

கடலைத் தோட்டத்திலிருந்து வெள்ளை மாளிகைக்கு

ஜார்ஜியா மாநிலத்தில் பிளெயின்ஸ் என்பது ஒரு சிற்றூர். நிலக்கடலை வேளாண்மையே கார்ட்டர் குடும்பத்தின் தொழில். 1967ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் ஏமி பிறந்தபோது அவளுடைய மூன்று தமையன்மாரும் வளர்ந்துவிட்டிருந்தனர். மூத்தவர்க்கு அப்போது இருபது வயது. ஆதலின் வீட்டில் ஒற்றைக் குழந்தையைப் போன்றே அவள் வளர்ந்தாள்.

1971இல் தந்தை மாநில ஆளுநரானார். மூன்று வயதுக் குழந்தை ஆளுநர் மாளிகைக்குச் சென்றது. அங்கு அவளை வளர்க்கும் பொறுப்பு மேரி பிரின்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணிடம் வந்தது. மேரி பிரின்ஸ் 1970இல் கொலைக்குற்றம் சாட்டப்பெற்று ஆயுள் தண்டனை பெற்றவர். சிறைக் கைதிகளுக்கான பணித்திட்டத்தின் வழியாக மாளிகை வேலைக்கு அனுப்பப்பெற்றவர். அவர் குற்றமற்றவர் என்பதில் கார்ட்டர் இணையர்க்கு உறுதி இருந்தது. 1977இல் கார்ட்டர் குடியரசுத் தலைவரானபோது, மேரி பிரின்ஸின் நன்னடத்தைக்குத் தாமே பொறுப்பேற்கும் கண்காணிப்பு அலுவலராகி, அவரை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துக்கொண்டார். பின்னர் அவ்வழக்கு மறு ஆய்வு செய்யப்பெற்று, மேரி பிரின்ஸ் முழு மன்னிப்பும் பெற்றார்.

சட்டம் குற்றவாளி என்று எழுதிய ஒருவரின் மடியில் வளர்ந்த குழந்தை, உலகம் ஒருவர்க்கு இடும் பெயரும் அவருடைய உண்மையும் வேறாக இருக்கக்கூடும் என்பதை எழுத்தறியும் முன்னரே அருகிருந்து கண்டது. ஏமியின் பிற்கால வாழ்வை நோக்குவோர்க்கு இது சிறு செய்தியாகத் தோன்றாது.

பள்ளியும் பார்வையும்

1977 ஜனவரி 20ஆம் நாள் பதவியேற்பு முடிந்ததும் கார்ட்டர் குடும்பத்தார் ஊர்தியை விட்டிறங்கி, வாஷிங்டன் நகரின் பென்சில்வேனியா அவென்யூவில் நடந்து சென்றனர். பெற்றோருடன் நடந்த ஒன்பது வயதுச் சிறுமியை அன்று நாடே கண்டது. அடுத்த சில நாட்களில் அவள் தாடியஸ் ஸ்டீவன்ஸ் பள்ளியில் சேர்க்கப்பெற்றாள். 1868இல் கறுப்பினப் பிள்ளைகளுக்கென எழுப்பப்பெற்ற அரசுப் பள்ளி அது. பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவரின் பிள்ளை அரசுப் பள்ளியில் பயில்வது தியோடர் ரூஸ்வெல்ட் காலத்திற்குப் பின் அதுவே முதன்முறை. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இடையே கழிந்திருந்தன.

நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் முதல் நாள் அச்சிறுமி கண்டது வகுப்பறையை அன்று; பள்ளி வாயிலில் நிறைந்திருந்த ஒளிப்படக் கருவிகளையே முதலிற் கண்டாள். பாதுகாவலர் உடன் வர, ஒரு கையில் பையுடன் தலை கவிழ்ந்து செல்லும் குழந்தையின் படம் செய்தித்தாள்களில் வந்தது. ‘மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரட்டும்’ என்று பெற்றோர் விரும்பிய செயலே அவளை மற்றப் பிள்ளைகளிடமிருந்து பிரித்துக் காட்டியது. பொதுவாழ்வினரின் நல்லெண்ணங்கள் அவர்தம் மக்கள்மீது சுமையாக இறங்கும் விதம் இத்தகையது.

இக்காலத்தில் மற்றொரு நிகழ்ச்சி பெரிதும் பேசப்பட்டது. வெள்ளை மாளிகையில் நடைபெற்ற அரசு விருந்தொன்றில், பெரியோர் உரையாடிக்கொண்டிருக்க, ஏமி தன் இருக்கையில் அமர்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். இது விருந்தினர்க்கு இழுக்கு என்றனர் சிலர். வளர்ப்பின் குறை என்றனர் வேறு சிலர். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அரசியல் விருந்து சலிப்பூட்டும், புத்தகம் சலிப்பூட்டாது. தன் வீட்டு உணவு மேசையில் எவ்வாறு இருப்பாளோ அவ்வாறே அவள் அங்கும் இருந்தாள். பார்ப்போர் உளர் என்பதற்காகத் தன்னை மாற்றிக்கொள்ளாத இப்பண்பு அறியாமையாலா, உறுதியாலா என்பது அன்று எவர்க்கும் தெரியவில்லை. பின்னர் வந்த ஆண்டுகளே அதனைத் தெளிவித்தன.

ஒரு பெயர், ஒரு நகைப்பு

1980 அக்டோபர் 28ஆம் நாள் ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் கார்ட்டரும் ரொனால்டு ரீகனும் தேர்தல் விவாத மேடையில் எதிரெதிரே நின்றனர். ஏறத்தாழ எட்டுக் கோடி மக்கள் தொலைக்காட்சியில் அதனைக் கண்டனர். அணு ஆயுதக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசிய கார்ட்டர், தாம் அங்கு வருமுன் தம் மகள் ஏமியுடன் உரையாடியதையும், நாட்டின் முதன்மையான சிக்கல் எதுவென்று அவளைக் கேட்டதையும், அணு ஆயுதமும் அதன் கட்டுப்பாடுமே என்று அவள் விடையளித்ததையும் குறிப்பிட்டார்.

ஏமிக்குப் பதின்மூன்று வயது நிறைந்து அன்று ஒன்பது நாட்களே ஆகியிருந்தன.

மறுநாள் முதல் அப்பெயர் நகைப்புக்குரியதாயிற்று. குடியரசுத் தலைவர் தம் அயலுறவுக் கொள்கையைச் சிறுமியிடம் கேட்டு அறிகின்றார் என்று எள்ளினர். கேலிச்சித்திரம் வரைவோர்க்கும் மேடையில் சிரிக்க வைப்போர்க்கும் அது நல்ல பொருளாயிற்று. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 4ஆம் நாள், கார்ட்டர் பெருந்தோல்வி அடைந்தார். 50 மாநிலங்களில் 44 ரீகனுக்குச் சென்றன. பணவீக்கமும், ஈரானில் அமெரிக்கர்கள் பிணையாகச் சிறைப்பட்டிருந்த துயரமும் அத்தோல்விக்குப் பெருங்காரணங்கள். ஆயினும் தோல்வியின் கதையைச் சொல்லும்போதெல்லாம் ‘ஏமி’ என்னும் பெயரும் உடன் சொல்லப்படலாயிற்று. பள்ளியில் படிக்கும் ஒரு பெண்ணின் தலையில் இவ்வளவு பாரம் வைக்கப்பெற்றது.

பிழை எவருடையது?

இவ்விடத்தில் நடுவுநிலையோடு நோக்குதல் வேண்டும். நகைத்தவர்கள்மீது மட்டும் பிழையைச் சுமத்துதல் எளிது. அது முழு உண்மையாகாது. மகள் வீட்டில் தந்தையிடம் நம்பிச் சொன்ன சொல்லை, அவளுடைய சொல்லாகவே மேடைக்குக் கொண்டுவந்தவர் கார்ட்டர். அன்பினால் செய்தார் என்பதில் ஐயமில்லை. அணு ஆயுதக் குறைப்பில் அவர்க்கு உண்மையான நாட்டம் இருந்தது. 1979 ஜூன் 18ஆம் நாள் வியன்னாவில் சோவியத் தலைவர் பிரெஷ்னெவுடன் அவர் கையெழுத்திட்ட உடன்பாடு, அவ்வாண்டு இறுதியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததனால் மேலவையின் ஒப்புதலைப் பெறாமலே நின்றுவிட்டது. அத்துயரம் அவர் நெஞ்சில் இருந்தது. எனினும், நோக்கம் எதுவாயினும், பிள்ளையின் உள்ளத்துச் சொல் வாக்குக் கேட்கும் மேடையில் பயன்படுபொருளாயிற்று. சொன்னவள் அங்கு இல்லை. விளக்கம் தரும் வாய்ப்பும் அவளுக்கு இல்லை.

இனி, நகைத்தவர்களின் கூற்றையும் நோக்குவோம். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அணு ஆயுதத்தைப் பற்றி என்ன தெரியும் என்பதே அவர்களுடைய வினா. தொழில்நுட்பம் தெரியாதிருக்கலாம். ஏவுகணைகளின் எண்ணிக்கை தெரியாதிருக்கலாம். தானும் தன் தோழியரும் வாழவேண்டிய உலகம் ஒரு நொடியில் அழியக்கூடும் என்னும் அச்சத்தை அறிய எந்தப் பட்டமும் வேண்டுவதில்லை. 1982 ஜூன் 12ஆம் நாள் நியூயார்க்கு நகரில் அணு ஆயுதங்களுக்கு எதிராகப் பத்து இலட்சம் அளவிலான மக்கள் திரண்டனர். 1987 டிசம்பர் 8ஆம் நாள் இடைத்தொலைவு ஏவுகணைகளை ஒழிக்கும் உடன்பாட்டில் கொர்பச்சேவுடன் கையெழுத்திட்டவர் வேறெவருமல்லர். 1980இல் வென்ற அதே ரீகனே. அவ்வுடன்பாட்டின்படி 1991க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. 2019இல் அவ்வுடன்பாடு முறிந்தபோது உலகம் மீண்டும் கவலை கொண்டது. பதின்மூன்று வயதின் விடை நகைப்பிற்குரியதன்று என்பதை வரலாறு காட்டிவிட்டது. ஆனால் வரலாற்றின் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியவள் அச்சிறுமி.

தந்தைக்குப் பயனில்லாத செயல்கள்

‘அது தந்தை ஊட்டிய கருத்து, மகளுடையது அன்று’ என்று சொல்வாரும் இருந்தனர். ஒரு கருத்து ஒருவர்க்கு உரியதா, இரவல் பெற்றதா என்பதை அறிய ஒரு வழி உண்டு. அதனால் வரும் பயன் நீங்கிய பின்னரும் அவர் அதனைக் கைவிடாதிருக்கின்றாரா என்று பார்த்தல் வேண்டும்.

1981 ஜனவரியில் கார்ட்டர் பதவி நீங்கிப் பிளெயின்ஸ் திரும்பினார். ஏமியின் பேச்சினால் தந்தைக்கு இனி ஒரு வாக்கும் கூடப்போவதில்லை, குறையப்போவதும் இல்லை. ஒருமுறை நாடே சிரித்த பெண், பொதுவினையே வேண்டாமென்று ஒதுங்கியிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

அவர் ஒதுங்கவில்லை. 1984 நவம்பர் முதல் வாஷிங்டனிலுள்ள தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் நிறவெறிக் கொள்கையை எதிர்த்து நாள்தோறும் அறப்போர் நடைபெற்றது. தடை செய்யப்பெற்ற எல்லைக்குள் நின்று கைதாவதே அதன் முறை. 1985 ஏப்ரலில் கைதானோருள் ஏமியும் ஒருவர். அப்போது அவர்க்கு வயது பதினேழு. மறு ஆண்டு அக்டோபரில், ரீகனின் மறுப்பாணையையும் மீறித் தென்னாப்பிரிக்காவிற்கு எதிரான பொருளாதாரத் தடைச் சட்டத்தை அமெரிக்கப் பேரவை நிறைவேற்றியது. கைதாகிய ஆயிரக்கணக்கானோரின் பங்கு அதில் உண்டு.

1986 நவம்பர் 24ஆம் நாள் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் மாணவர்கள் ஒரு கட்டடத்தினுள் புகுந்து அமர்ந்தனர். மத்திய உளவு நிறுவனமாகிய சி.ஐ.ஏ. அங்கு ஆள் எடுப்பதை எதிர்த்து நடந்த போராட்டம் அது. நிகராகுவா நாட்டில் அரசுக்கெதிரான ஆயுதப் படையினரை அமெரிக்கா இயக்கி வந்தது சட்டத்திற்குப் புறம்பானது என்று, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியிருந்தது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் பயின்றுவந்த ஏமியும், முதிய போராளி ஆபி ஹாஃப்மனும் கைதானவர்களுள் அடங்குவர். ஏமிக்கு வயது பத்தொன்பது.

வழக்கு நார்த்தாம்ப்டன் நகர நீதிமன்றத்திற்கு வந்தது. தண்டத்தைச் செலுத்தி வீடு திரும்புவதை விட்டு, வழக்காடுவதையே அவர்கள் தேர்ந்தனர். பெருங்குற்றத்தைத் தடுப்பதற்காகச் சிறு விதியை மீறியது குற்றமாகாது என்பது அவர்களுடைய வாதம். எரியும் வீட்டிலுள்ள குழந்தையைக் காக்கக் கதவை உடைத்தவன் அத்துமீறியவன் ஆகான் என்பதை ஒத்தது அது. 1987 ஏப்ரல் 15ஆம் நாள் அறுவர் கொண்ட நடுவர் குழு, ஏமி உட்படப் பதினைவரையும் குற்றமற்றவர் என விடுவித்தது.

ஏழாண்டுகளுக்கு முன் தந்தையின் வாயிலாக மட்டுமே கேட்கப்பெற்ற பெண், இப்போது தன் செயலுக்குத் தானே விடை சொல்ல நீதிமன்றத்தில் நின்றார். இரண்டு நிலைகளிலும் கவலை ஒன்றுதான்: வலியோர் கையிலுள்ள படைக்கலம் எளியோர்மீது பாய்தல் ஆகாது. இரண்டாவது முறை அதனைச் சொல்லும் உரிமையும், அதற்குரிய விலையைக் கொடுக்கும் பொறுப்பும் முழுவதும் அவருடையனவாக இருந்தன.

விலை இல்லாமலும் இல்லை. 1987இல் பாடங்களை உரிய காலத்தில் நிறைவு செய்யாமையால் அவர் பிரவுன் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்க நேர்ந்தது. அதுவும் செய்தியாயிற்று. மற்றொரு மாணவிக்கு நேர்ந்திருப்பின் குடும்பத்தினுள் முடிந்திருக்கும் இடர்ப்பாடு, இவர்க்கு ஊரறிந்ததாயிற்று. கொள்கை உறுதியுள்ளவர் எல்லாவற்றிலும் வெல்வார் என்று கூறுவது கதைகளுக்குப் பொருந்தும். வாழ்வில் உறுதியும் சறுக்கலும் ஒருங்கே இருக்கும். அச்சறுக்கலை மறைத்துவிட்டு ஏமியைப் புகழ்வது, அவரை மீண்டும் ஒரு படமாக ஆக்குவதேயாகும்.

விலகி நிற்கும் உரிமை

அதன்பின் அவர் மேற்கொண்ட வழி இன்னும் கருதத்தக்கது. நாடறிந்த பெயரும், நீதிமன்ற வெற்றியும், தந்தையின் தொடர்புகளும் கைவசம் இருந்தன. அரசியலில் இறங்கியிருக்கலாம். அவரோ ஓவியக் கலையை நாடினார். மெம்ஃபிஸ் நகரில் ஓவியம் பயின்று, பின் தூலேன் பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றில் 1996இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1995இல் கார்ட்டர் வெளியிட்ட சிறுவர் கதைநூலுக்கு ஓவியங்கள் வரைந்தவர் ஏமியே. தந்தை சொல்ல, மகள் வரைய, இருவர் பெயரும் தத்தம் பணிக்குரிய இடத்தில் நின்றன.

பொதுமேடையை அவர் பெரும்பாலும் தவிர்த்தார். போராடியவர் பின் மௌனமானது முரண் எனச் சிலர்க்குத் தோன்றலாம். அரசு விருந்தில் புத்தகம் படித்த சிறுமியை நினைவிற்கொண்டால் முரண் எதுவும் இல்லை. பேசவேண்டிய இடத்தில் பிறர் சிரிப்பர் என்று அஞ்சிப் பேசாதிருத்தல் கோழைமை. பேச விருப்பமில்லாத இடத்தில் பிறர் எதிர்பார்க்கின்றனர் என்பதற்காகப் பேசுவதும் தன்னை இழத்தலே. தன்னியல்பு என்பது ஓயாது குரல் எழுப்புவதன்று. எப்போது பேசுவது, எப்போது விலகுவது என்பதைத் தானே முடிவு செய்தல் அதன் பெரும்பகுதியாகும்.

நிறைவுரை

2023 நவம்பர் 19ஆம் நாள் ஏமியின் தாயார் ரோசலின் கார்ட்டர் மறைந்தார். 28ஆம் நாள் அட்லாண்டா நகரில் நினைவுக் கூட்டம் நடைபெற்றது. தொண்ணூற்றொன்பது வயதுத் தந்தை சக்கர நாற்காலியில், பேச இயலாத நிலையில், அங்கு வந்திருந்தார். நீண்ட காலம் மேடையை விட்டு விலகியிருந்த ஏமி எழுந்து வந்தார். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், கடற்படையில் பணியாற்றியபோது, தந்தை தாய்க்கு எழுதிய அன்புக் கடிதமொன்றைக் கண்கள் கலங்கப் படித்தார். தந்தையால் அன்று பேச முடியவில்லை என்பதனாலேயே தாம் அக்கடிதத்தைப் படிப்பதாகக் கூறினார்.

1980இல் மகளின் சொல்லைத் தந்தை ஊரறியச் சொன்னார். 2023இல் தந்தையின் சொல்லை மகள் ஊரறியச் சொன்னார். முன்னது வாக்குக்கான மேடை. பின்னது பிரிவின் மேடை. முன்னதில் நகைத்த நாடு, பின்னதில் அமைதியாக இருந்து கேட்டது. தன் பெயரால் நேர்ந்த நகைப்பிற்காகத் தந்தையின்மேல் அப்பெண் பகை வளர்த்திருந்தால், அக்குரல் அன்று அவ்வாறு ஒலித்திராது. 2024 டிசம்பர் 29ஆம் நாள் கார்ட்டரும் மறைந்தார்.

பாரி மகளிரின் பாடல் தந்தை வீழ்ந்த பின்னரே கேட்டது. பெயர் தெரியாமலே அவர்கள் இலக்கியத்தில் நின்றனர். ஏமி கார்ட்டரின் பெயரோ பதின்மூன்று வயதிலேயே உலகறிந்தது. அவர் குரல் கேட்கப்பெறுவதற்குத்தான் காலம் பிடித்தது. இடையிலிருந்த ஆண்டுகளில் தம் விடையை அவர் மாற்றவும் இல்லை. அதனைக் காட்டிப் புகழ் தேடவும் இல்லை.

பெற்றோராகவும் ஆசிரியராகவும் இவ்வவையில் அமர்ந்திருப்போர் இவ்வாழ்விலிருந்து எடுத்துச் செல்லத்தக்கது ஒன்றுண்டு. பதின்ம வயதுப் பிள்ளை ஒன்றைச் சொன்னால், அதனைப் பிறர்க்குக் காட்டிப் பெருமை கொள்வதற்கு முன்னும், சிரித்து ஒதுக்குவதற்கு முன்னும், அது அப்பிள்ளையின் சொல் என்பதை நினைத்தல் நலம். பத்தாண்டுகளாகப் பலர் சொல்லையும் பொறுமையுடன் கேட்டுப் பழகிய இவ்விலக்கிய வட்டத்தில் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வட்டம் மேன்மேலும் வளர்க.